நாலு வருடமாக எலும்புக்கு வைத்தியம்: வாரமாத்திரை, கால்சியம், வருட ஊசி, பயிற்சி எல்லாவற்றையும் பற்றி

என் கதை மணிக்கட்டு உடைந்ததில் தொடங்குகிறது. மாடிப்படியில் உருளவில்லை, வண்டி மோதவில்லை. ஈரத் தரையில் கால் வழுக்கி, நின்ற உயரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்தேன், அவ்வளவுதான். கட்டு போட்டவர் "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோதும் எலும்பு அடர்த்தி என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. எனக்கு அப்போது 56 வயது. ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், உடனே கேட்க வேண்டிய கேள்வி "எலும்பு எப்படி இருக்கிறது?" என்பதுதான். அதைக் கேட்காமல் ஒரு வருடம் வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முழங்கால் வலிக்கும் நாம் "எலும்பு தேய்மானம்" என்கிறோம், இதற்கும் அதையே சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு. முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு, அது வலிக்கும், நடக்கவிடாது. நான் சொல்வது ஆஸ்டியோபோரோசிஸ், எலும்புப்புரை. எலும்புக்குள் இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, ஓட்டைகள் பெரிதாகி, லேசாக விழுந்தாலே முறிந்துவிடும் நிலை. இது வலிக்காது. உடைகிற அன்றைக்குத்தான் தெரியும். மூட்டு வலிக்குச் சொல்லும் மருந்தை இதற்கும், இதற்குச் சொல்லும் மருந்தை மூட்டுக்கும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வலி இல்லாததால்தான் இந்த மருந்துகளுக்கு விமர்சனம் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. தலைவலி மாத்திரை என்றால் அரை மணியில் தெரிந்துவிடும். இதில் நாலு வருடம் மருந்து எடுத்தும் உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது. விழுந்தும் உடையாமல் இருப்பதுதான் பலன், அதை எப்படி உணர்வது? பலர் சில மாதங்களிலேயே நிறுத்திவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நானும் ஒரு கட்டத்தில் நிறுத்தப் பார்த்தவள்தான்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி. பயப்பட ஒன்றுமே இல்லை. மேஜையில் பத்து நிமிடம் படுத்திருந்தால் முடிந்தது, ஊசி இல்லை, குகை மாதிரிக் குழாய்க்குள் போக வேண்டியதில்லை, எக்ஸ்ரே அளவும் மிகக் குறைவு. கையில் கொடுக்கும் தாளில் டி ஸ்கோர் என்று ஓர் எண் இருக்கும். இளவயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிட்டு நம்முடையது எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அது சொல்கிறது. மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருந்தால் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கணக்கு இது. எனக்கு முதுகெலும்பு மைனஸ் 2.9, இடுப்பு மைனஸ் 2.3. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அடுத்த முறையும் அதே இடத்தில், அதே கருவியில் எடுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்று நான் இரண்டாவது ஸ்கேனை வேறோர் இடத்தில் எடுத்தேன், எண் முன்பைவிட மோசமாக வந்தது, ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தேன். அப்புறம் டாக்டர் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, கருவி மாறினால் அளவும் மாறும், இதையும் அதையும் ஒப்பிடவே முடியாது என்றார். பழைய இடத்திலேயே மறுபடி எடுத்தபோதுதான் உயிர் வந்தது.

மருந்து எழுதுவதற்கு முன் அந்த டாக்டர் செய்த காரியத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். காரணம் தேடினார். ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பாராதைராய்டு ஹார்மோன் (ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது), தைராய்டு எல்லாம் பார்த்தார். வைட்டமின் டி 14 நானோகிராம்தான் இருந்தது, 20-க்கு மேல் இருக்க வேண்டும், 30 வேண்டும் என்பவர்களும் உண்டு. அதைவிட முக்கியமானது தைராய்டு. பல வருடமாக நான் சாப்பிட்டு வந்த தைராய்டு மாத்திரையின் அளவு எனக்கு அதிகமாம், தைராய்டு ஹார்மோன் கூடினால் இறங்கும் டி.எஸ்.எச். அளவு அடிமட்டத்தில் கிடந்தது. தைராய்டு ஹார்மோன் தேவைக்கு மேல் போனால் எலும்பைக் கரைக்கும். அளவைக் குறைத்தார்கள். இது தெரியாமல் எலும்பு மருந்தை மட்டும் விழுங்கியிருந்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதையாகியிருக்கும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், எலும்பு மெலிய வைக்கும் மருந்துகளில் முதலிடம் அதற்குத்தான்.

இனி வாரமாத்திரை. அலெண்ட்ரோனேட் 70 மி.கி., வாரத்துக்கு ஒன்று. இரண்டு வருடம் சாப்பிட்டேன். எலும்பு என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் கிடையாது, பழையதைக் கரைக்கும் செல்கள் ஒருபுறம், புதிதாகக் கட்டும் செல்கள் மறுபுறம் என்று ஓயாமல் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. கரைப்பவற்றை அடக்கி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றதும் அது போய்விடுகிறது, கரைப்பது முந்திக்கொள்கிறது, அடுத்த ஐந்து முதல் ஏழு வருடத்தில் இருக்கும் எலும்பில் 20 சதவீதம் வரைகூடப் போய்விடலாம். இந்த மாத்திரை எலும்பில் போய் ஒட்டிக்கொண்டு, கரைக்க வரும் செல்களைச் செயலிழக்க வைக்கிறது. 1990-களிலேயே பெரிய அளவில் சோதித்த மருந்து, ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களுக்குப் புதிய முறிவுகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது, அதில் இடுப்பும் மணிக்கட்டும் அடக்கம். எனவே மருந்தில் குறையில்லை. சிரமமெல்லாம் அதைச் சாப்பிடும் முறையில்தான்.

அந்த முறையை எனக்கு முதலில் யாருமே சொல்லவில்லை! சீட்டில் "வாரம் ஒன்று, காலை" என்று மட்டும் இருந்தது. நான் காபி குடித்த கையோடு விழுங்கினேன், இரண்டு மாதம். பிறகு மருந்துக்கடையில் ஒரு பெண் கேட்டார், "அம்மா, இதை எப்படிச் சாப்பிடறீங்க?" சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இந்த மாத்திரை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போனாலே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது. காபியோ பழச்சாறோ கூட இருந்தால் அந்தச் சொச்சத்திலும் பாதிக்கு மேல் போய்விடும், சாப்பாட்டோடு என்றால் ஏறக்குறையப் பூஜ்யம்தான். ஆக அந்த இரண்டு மாத மாத்திரையும் விழலுக்கு இறைத்த நீர்.

முறை இதுதான். எழுந்ததும், பல் தேய்த்த பிறகு, ஒரு பெரிய தம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீர். மாத்திரையைக் கடிக்காமல், சப்பாமல் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும் அல்லது நிற்க வேண்டும், நடக்கலாம். படுக்கக் கூடாது. அந்த அரை மணியில் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது, வேறு மாத்திரையும்கூட. படுக்காதே என்பது சும்மா சம்பிரதாயம் என்று நினைத்து ஒரு குளிர்காலக் காலையில் விழுங்கிவிட்டு மறுபடி போர்வைக்குள் போனேன். பத்து நிமிடத்தில் நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ தீக்குச்சியை உரசி வைத்த மாதிரி எரிய ஆரம்பித்தது, இரண்டு நாள் எச்சில் விழுங்கவும் வலித்தது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். அப்புறம் ஒருநாளும் அந்தத் தப்பைச் செய்யவில்லை. ஏற்கெனவே உணவுக்குழாயில் கோளாறு, விழுங்குவதில் சிரமம், அரை மணி நிமிர்ந்து உட்கார முடியாத முதுகு என்று இருப்பவர்களுக்கு இது சரிப்படாது, டாக்டரிடம் சொல்லி வேறு வழி கேளுங்கள்.

எனக்கு இன்னொரு சிக்கல்: தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில்தான். ஞாயிற்றுக்கிழமை எலும்பு மாத்திரைக்கு என்று வைத்துக்கொண்டேன். ஐந்தரைக்கு அது, ஆறேகாலுக்குத் தைராய்டு, ஏழேகாலுக்குத்தான் முதல் காபி. வாரத்தில் ஒருநாள்தானே என்று பழகிவிட்டது. மாதம் ஒருமுறை சாப்பிடும் ஐபாண்ட்ரோனேட் 150 மி.கி. மாத்திரையும் இருக்கிறது, அதற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இடுப்பு முறிவைத் தடுப்பதில் அலெண்ட்ரோனேட்டுக்கு இருக்கும் அளவு ஆதாரம் அதற்கு இல்லை என்பதால் டாக்டர் எனக்கு அதை எழுதவில்லை. வாரமாத்திரைக்கு 5-க்கு 3.5. மருந்துக்கு முழு மார்க், ஒன்றரை போனது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்காக.

கால்சியம் விஷயத்தில் எல்லாரும் ஏமாறும் இடம் டப்பாவின் முகப்புதான். என் முதல் டப்பாவில் பெரிய எழுத்தில் 1250 என்று இருந்தது. பின்பக்கம் கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, 1250 மி.கி. கால்சியம் கார்பனேட், அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி. மட்டும். கார்பனேட்டில் 40 சதவீதம்தான் கால்சியம், சிட்ரேட்டில் 21 சதவீதம். ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1200 மி.கி. வேண்டும் என்பது பொதுவான கணக்கு, ஆனால் இது உணவையும் சேர்த்து. இதைப் புரிந்துகொள்ளாமல் 1200-ஐயும் மாத்திரையிலேயே விழுங்கினால் மலச்சிக்கல் நிச்சயம், சிறுநீரகக் கல்லுக்கும் வழி திறக்கும். நான் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன், பால், தயிர், கீரை என்று உணவிலேயே 700 வருகிறது. மீதி 500-க்கு ஒரே ஒரு மாத்திரை போதும். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் கொடுத்தால் குடல் சரியாக உறிஞ்சாது என்பதால் இரண்டு தேவைப்படுகிறவர்களும் பிரித்துத்தான் சாப்பிட வேண்டும்.

கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். அசிடிட்டிக்கு தினமும் ஒமிப்ரசோல் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த அமிலமே இருக்காது, அவர்களுக்கு சிட்ரேட் நல்லது, வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். எனக்குக் கார்பனேட் வயிறு உப்பி, மூன்று நாளைக்கு ஒருமுறைதான் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. சிட்ரேட்டுக்கு மாறியபின் நிம்மதி. மாத்திரை கொஞ்சம் பெரிது, தொண்டையில் நிற்கிற மாதிரி இருக்கும், பாதியாக உடைத்து விழுங்குகிறேன். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. எனவே என் கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்தான்.

வைட்டமின் டி பற்றிச் சுருக்கமாக. குறைவாக இருந்தால் கட்டாயம் நிரப்ப வேண்டும், அது இல்லாமல் கால்சியம் சரியாக உள்ளே போகாது. எனக்கு 14-லிருந்து 32-க்கு வர மூன்று மாதம் ஆனது, இப்போது தினமும் 1000 யூனிட். ஆனால் அதிகம் போட்டால் அதிகம் பலன் என்பது தவறு. வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை ஒரேயடியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வந்தது, அப்படி எடுத்த முதிய பெண்கள்தான் அதிகமாக விழுந்தார்கள், அதிகமாக எலும்பு முறிந்தார்கள். குறைபாடே இல்லாத சாதாரண ஆரோக்கியம் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி மாத்திரை முறிவைத் தடுக்கவில்லை என்று 2022-இல் வந்த பெரிய ஆய்வும் சொன்னது. ரத்தத்தைப் பார்த்து, தேவைக்குச் சாப்பிட்டால் போதும்.

இரண்டு வருடம் கழித்து வருட ஊசிக்கு மாறினேன். சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி., வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. மாறியதற்குக் காரணம் நெஞ்செரிச்சல் திரும்பத் திரும்ப வந்ததுதான். வாரமாத்திரையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது, குணம் அதே, வயிற்றைத் தொடுவதில்லை. 2007-இல் வந்த ஹொரைசன் ஆய்வில் மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்திருந்தது. ஏற்றும் முன் கிரியாட்டினின் பார்த்தே ஆக வேண்டும், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இந்த மருந்து கூடாது. வைட்டமின் டியும் கால்சியமும் சரியான அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கிவிடும். அன்று காலையில் இரண்டு பெரிய தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். ஏற்றுவது கால் மணி நேரம்தான், எனக்கு மெதுவாக அரை மணியில் ஏற்றினார்கள், பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசி முடிப்பதற்குள் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்வரை ஒன்றுமில்லை. நடுநிசிக்கு மேல் பல் கிட்டும் அளவுக்குக் குளிர். போர்வைக்கு மேல் போர்வை. விடியும்போது 101 டிகிரி, முதுகிலிருந்து விரல்வரை ஒவ்வொரு மூட்டும் கழன்று விழுவதுபோல் வலி, கண்ணைத் திருப்பினால்கூட வலி. முதல் ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஃபுளூ மாதிரி வரும், மூன்று நாளுக்குள் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் மாலை வெயில் பட்ட பனிபோல் போய்விட்டது. இரண்டாவது வருடம் ஊசிக்கு முன்பும் அன்று இரவும் பாராசிட்டமால் போட்டேன், லேசான உடம்புவலி மட்டும்தான். இரண்டாவது முறை பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. போட்ட மறுநாளைக்கு மட்டும் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். 5-க்கு 4.5. இரண்டு மூன்று நாள் அவதிப்பட்டால் வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்துக்கு!

டெனோசுமாப் என்ற இன்னோர் எலும்பு ஊசியை நான் போட்டுக்கொண்டதில்லை, என் சித்தி போட்டுக்கொண்டாள். அவளுக்குச் சிறுநீரகம் பலவீனம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மி.கி., தோலுக்கடியில், இன்சுலின் மாதிரிச் சின்ன ஊசி. காய்ச்சல் இல்லை, வயிற்றெரிச்சல் இல்லை, எலும்பு அடர்த்தி ஜம்மென்று ஏறியது. மூன்று வருடம் ஒழுங்காகப் போட்டாள். பிறகு மகள் பிரசவத்துக்குப் போனவள், "வந்து போட்டுக்கலாம்" என்று ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டாள், தள்ளிப்போனது ஐந்து மாதம். ஒருநாள் குழந்தையின் துணிக்கூடையை எடுக்கும்போது முதுகில் சுரீரென்றது. எடுத்துப் பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருக்கின்றன. "இப்படி ஆகும்னு எவனும் சொல்லலையேடி" என்று போனில் அழுதாள்.

இதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாரமாத்திரையும் வருட ஊசியும் எலும்பில் வருடக்கணக்கில் தங்கும், நிறுத்தினாலும் கொஞ்ச காலம் காவல் இருக்கும். டெனோசுமாப் தங்காது. அதன் நாள் முடிந்ததும் அடக்கி வைத்திருந்த கரைக்கும் செல்களெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும், ஏறிய அடர்த்தி வேகமாக இறங்கும், சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் வரும். தேதியிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் தள்ளவே கூடாது. நிறுத்துவதாக இருந்தால் அந்த இடத்தில் வேறு மருந்து, பொதுவாக சோலெட்ரோனிக் அமிலமோ அலெண்ட்ரோனேட்டோ, வர வேண்டும். சிறுநீரகம் ரொம்பவே கெட்டவர்களுக்கு இந்த ஊசி ரத்தக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கலாம், அதனால் அவர்களுக்குக் கூடுதல் ரத்தப் பரிசோதனை தேவை. நல்ல மருந்துதான், ஆனால் தேதி தவறாத வாழ்க்கை உள்ளவர்களுக்கு. அடிக்கடி ஊர் ஊராகப் போகிறவர்கள் முதல் ஊசிக்கு முன்பே இதை யோசியுங்கள்.

எலும்பைப் புதிதாகக் கட்டும் மருந்துகளும் உண்டு. டெரிபாராடைடு தினமும் 20 மைக்ரோகிராம், பேனா ஊசி, பொதுவாக இரண்டு வருடம் வரை. ரோமோசொசுமாப் மாதம் ஒருமுறை, பன்னிரண்டு மாதம், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கூடாது. முறிவுகள் ஏற்கெனவே பல இருப்பவர்களுக்கு முதலிலேயே இவற்றைக் கொடுத்து, பிறகு கரைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடர்வது நல்ல வரிசை என்கிறார்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

கரைவதைத் தடுக்கும் மருந்துகளால் தாடை எலும்பு அழுகும், தொடை எலும்பு முறியும் என்று கேள்விப்பட்டு மருந்தையே தொடாதவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு மாதம் நிறுத்தினேன், ஒரு உறவுக்காரர் அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு. இரண்டும் உண்மையில் உண்டு, பொய்யில்லை. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் இரண்டுமே அரிது. தாடைப் பிரச்சினை பெரும்பாலும் புற்றுநோய்க்காக இதே மருந்துகளை இன்னும் அதிக அளவில், அடிக்கடி ஏற்றிக்கொள்பவர்களுக்கு வருவது. பல் பிடுங்குவது, இம்ப்ளான்ட் மாதிரி வேலை பாக்கி இருந்தால் மருந்தைத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், பல் டாக்டரிடம் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். தொடை விஷயம், மருந்து எடுக்கும் வருடம் ஏற ஏறக் கூடும், முறிவதற்கு முன் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ மந்தமான வலி வரும், அப்படி வந்தால் தள்ளிப்போடாமல் எக்ஸ்ரே. இந்த ஆபத்துக்காகத்தான் ஐந்து வருட மாத்திரைக்கோ மூன்று வருட ஊசிக்கோ பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்து, ஆபத்து குறைந்தவர்களுக்கு இடைவெளி விடுகிறார்கள். மைனஸ் 2.9 எலும்போடு மருந்தில்லாமல் இருந்தால் எனக்கு வரக்கூடிய இடுப்பு முறிவோடு இதை ஒப்பிட்டுக் காட்டினார் டாக்டர். மறு வாரமே மாத்திரையைத் தொடர்ந்தேன்.

கொலாஜன் பொடி, எலும்பு டானிக், ஸ்ட்ரான்ஷியம் மாத்திரை என்று எத்தனையோ விற்கிறார்கள். ஸ்ட்ரான்ஷியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது கால்சியத்தைவிடக் கனமான தனிமம், எலும்பில் போய் உட்கார்ந்ததும் ஸ்கேனில் எண் உண்மையைவிட நன்றாகக் காட்டும். எண் ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு உண்மையான மருந்தை விட்டுவிடுவார்கள். மற்றவற்றில் நான் காசு போடவில்லை.

பயிற்சிக்கு வருகிறேன், நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டது இதுதான். நான்தான் தினமும் நடக்கிறேனே என்று இருந்தேன். நடை இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு அது மட்டும் போதாது, எலும்புக்குப் பழக்கமில்லாத பாரம் வேண்டும். 2018-இல் வந்த லிஃப்ட்மோர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வில் எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், கண்காணிப்போடு நல்ல பாரம் தூக்க வைத்தார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய முதுகெலும்பு அடர்த்தி கூடியது, லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இறங்கியது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே பெரிய எடையைத் தூக்கிவிடாதீர்கள், அந்த ஆய்வில் பக்கத்தில் ஆள் நின்றுதான் மெதுமெதுவாக ஏற்றினார்கள்.

நான் போன பிசியோதெரபிஸ்ட் முதல் மாதம் எடையைத் தொடவே விடவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து முறை. ஆறாவது முறையிலேயே எனக்குத் தொடை நடுங்கியது. பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி 'டொம்' என்று இறக்குவது. பிறகு கீழே கிடக்கும் பொருளை எடுப்பது. "முதுகை வளைக்காதீங்க, இடுப்புல மடங்குங்க, பின்னால இருக்கற கதவைப் பின்பக்கத்தால தள்ளற மாதிரி" என்று ஒரு துடைப்பக் கட்டையை என் முதுகோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார், தலை, முதுகு, கீழ்முதுகு மூன்றும் கட்டையைத் தொட்டபடியே குனிய வேண்டும். முதுகெலும்பு மெலிந்தவர்கள் முன்னால் வளைந்து கால்விரலைத் தொடுவது, படுத்த நிலையிலிருந்து வயிற்றை மடக்கி எழுவது, முறுக்குவது எல்லாம் முள்ளெலும்பை நசுக்கிவிடலாம். முன்பு நான் தினமும் செய்தது அந்த கால்விரல் தொடும் பயிற்சிதான்! இப்போது பத்து கிலோவைத் தரையிலிருந்து எடுக்கிறேன். 5-க்கு 5, யோசிக்காமல் கொடுப்பேன். மருந்துகளால் எனக்குத் தெரியாமல் இருந்த வித்தியாசம் இதில்தான் தெரிந்தது. படியேறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை.

எலும்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் விழாதவருக்குக் கையும் இடுப்பும் உடைவது அபூர்வம், முதுகெலும்பு மட்டும் விழாமலேயே நசுங்கலாம். அதனால் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நழுவும் மிதியடி போனது, குளியலறையில் சுவரோடு பிடி வந்தது, ராத்திரி எழுந்தால் தானே எரியும் சின்ன விளக்கு வந்தது, கண்ணாடியின் பவர் மாறியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறேன், ஒரு கை சுவருக்குப் பக்கத்தில். முதலில் நாலு விநாடி, இப்போது இருபத்தைந்து. தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் விழுவது அதிகம், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். புகையும் அதிகக் குடியும் எலும்புக்கு நேரடி எதிரிகள், அதில் பேச ஒன்றுமில்லை.

நாலு வருட முடிவில் அதே கருவியில் முதுகெலும்பு மைனஸ் 2.4, இடுப்பு மைனஸ் 2.1. ஒருவர் "அவ்வளவுதானா?" என்று கேட்டார். மருந்தில்லாமல் இருந்திருந்தால் இன்னும் கீழே போயிருக்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். தவிர, எண் கொஞ்சம் ஏறினாலும், ஏறாமல் நின்றாலும்கூட முறிவு ஆபத்து குறைகிறது. போன மழைக்காலத்தில் வாசலில் மறுபடி வழுக்கினேன், அதே கையை ஊன்றினேன். எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தேன். உள்ளங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

அடுத்த மாதம் மூன்றாவது ஊசி. அதற்கு முந்தைய வாரம் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும். ஒரு கடைவாய்ப்பல் லேசாக ஆடுகிறது, அதையும் முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிட நாள் வாங்கியிருக்கிறேன். ஊசிக்கு மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை.